கீழ்வீட்டில் கேட்ட கெட்டிமேளம்

ஜெர்மனியில் நாங்கள் குடியிருக்கும் ஊரில், ஞாயிற்றுக்கிழமை காலிக் கண்ணாடி பாட்டிலைக் குப்பைத் தொட்டியில் போடக் கூடாது. விழுகிற சத்தம் அக்கம்பக்கத்தாரைத் தொந்தரவு செய்யுமாம். 'ருஹட்சைட்' என்பார்கள், அமைதி காக்கும் நேரம். வலங்கைமான் பக்கத்துக் கிராமத்தில் பிறந்த எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. எங்கள் ஊரில் யார் வீட்டு விசேஷமானாலும் தென்னை மரத்தில் குழாய் ஸ்பீக்கர் ஏறிவிடும். நடவு வயலில் நிற்பவருக்கும் வாய்க்காலில் குளிப்பவருக்கும் ஒரே பாட்டு. யாரும் நம்மைக் கேட்டுக்கொண்டு போடுவதில்லை. இங்கே அவரவர் பாட்டு அவரவர் சுவருக்குள்.

இந்த ஆவணியில் என் தங்கை மாலதிக்குக் கல்யாணம். என் மனைவி சுகன்யாவுக்கோ நிறைமாதம். அவளால் விமானம் ஏற முடியாது, அவளைத் தனியே விட்டுப் போக என்னால் முடியாது. "புள்ளத்தாச்சிய விட்டுட்டு வராத தம்பி, நாங்க பாத்துக்கறோம்" என்று அம்மா போனில் சொல்லிவிட்டு, சட்டென்று பேச்சை மாற்றினார். ஒரே தங்கை. அவள் கழுத்தில் தாலி ஏறும்போது பக்கத்தில் நிற்க வேண்டியவன் நான்.

போக முடியாவிட்டால் என்ன, மேளத்தையாவது வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவோம் என்று ஒரு வெறி பிடித்தது. கீழ்வீட்டு ஹெர் ப்ரான்ட், அதாவது திரு. ப்ரான்ட், டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவர், இசைப் பிரியர். யோசனை கேட்டேன். தன் வீட்டுக்கு அழைத்துப்போய், என் போனை அவருடைய ஸ்பீக்கரோடு ப்ளூடூத்தில் இணைத்துப் பாட்டுப் போட்டுக் காட்டினார். மரப்பெட்டிக்குள்ளிருந்து வந்த ஒலி நெஞ்சில் வந்து மோதியது. மறுவாரமே அதே மாதிரி ஒன்றை வாங்கினேன். அவரே மேலே வந்து பொருத்தி, 'வோன்சிம்மர்' என்று பெயரும் வைத்தார். கூடம் என்று அர்த்தம். அவர் ஸ்பீக்கருக்கும் அதே பெயர்தான் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

முகூர்த்தம் ஞாயிற்றுக்கிழமை. அங்கே நல்ல வெயில், இங்கே அப்போதுதான் விடிந்திருந்தது. பட்டு வேட்டி கட்டிக்கொண்டேன். சுகன்யா அரிசியில் மஞ்சள் கலந்து அட்சதை வைத்திருந்தாள். மண்டபத்தில் சித்தி மகள் கவிதா மேடையருகே நின்று வீடியோவில் பேசினாள்.

"அண்ணே, மேளம் கேக்குதா?"

படம் தெரிகிறது, சத்தமில்லை. போனில் 'வோன்சிம்மர், இணைக்கப்பட்டது' என்றிருக்கிறது. ஒலியைக் கூட்டினேன். இன்னும் கூட்டினேன். கடைசிவரை கூட்டினேன்.

"என்னங்க, காலுக்குக் கீழ கேக்குதுங்க!" என்றாள் சுகன்யா.

தரைக்கு அடியில் நாதஸ்வரம்! ஞாயிற்றுக்கிழமை விடியலில், ஹெர் ப்ரான்டின் வீட்டில்!

போனைக் கையில் பிடித்தபடி வெறுங்காலோடு படியிறங்கி ஓடினேன். இரவு உடையில், தலைமுடி கலைந்து, கதவைத் திறந்தார். அவருக்குப் பின்னால் தவில் இடித்துக்கொண்டிருந்தது. பதற்றத்தில் எனக்குத் தெரிந்த ஜெர்மன் எல்லாம் காணாமல் போய்விட்டது. "ஷ்வெஸ்டர்! ஷ்வெஸ்டர்! இப்போது!" என்றேன். அந்த மொழியில் தங்கைக்கும் அதுதான் சொல், மருத்துவமனை நர்ஸுக்கும் அதுதான் சொல். அவர் முகம் வெளுத்தது. "குழந்தையா?" என்று கத்திவிட்டுக் கார் சாவியைத் தேடி உள்ளே ஓடினார். பின்னாலேயே ஓடிப் போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். மணவறையில் மாலதி.

"கல்யாணமா?" என்றார்.

"என் தங்கைக்கு."

அதற்குள் சுகன்யாவும் கைப்பிடியைப் பிடித்து மெல்ல இறங்கி வந்துவிட்டாள். இணைப்பைத் துண்டித்து மேலே போகிறோம் என்று நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கியபோதே ஸ்பீக்கரில், "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" என்று ஒரு குரல் கிளம்பியது. ஹெர் ப்ரான்ட் ஒரு நாற்காலியை இழுத்துச் சுகன்யாவை உட்காரவைத்தார். "இங்கேயே நடக்கட்டும்" என்றார். அலமாரிக் கண்ணாடிகள் அதிர்ந்தன. சுகன்யா எங்கள் இருவர் கையிலும் அட்சதையைத் திணித்தாள். மாப்பிள்ளை தாலியை எடுத்ததும் நான் ஸ்பீக்கர் மேல் தூவினேன். என்னைப் பார்த்து அவரும் தூவினார். நான் அழுதுகொண்டே சிரித்தேன். மேல்மாடிக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். "திருமணம்!" என்று அவரே வாசலில் நின்று பெருமையாக அறிவித்தார்.

ஆசீர்வாதத்தின்போது அம்மாவின் குரல் ஸ்பீக்கரில் அந்த அறையை நிறைத்தது. "அண்ணன் அண்ணிய நினைச்சு விழுந்து கும்புடுங்க. தம்பி இருக்கற ஊரு எந்தப் பக்கம்?"

"மேற்கால அத்தை" என்றார் மாப்பிள்ளை.

மேடையில் இருவரும் மேற்கே திரும்பினார்கள். கவிதா காட்டிய படத்தில் குனிந்த மாலதியின் பின்னல் பூ மட்டும் தெரிந்தது. ஹெர் ப்ரான்ட் என் தோளைத் தொட்டு, "இந்தியா எந்தப் பக்கம்?" என்றார். வெளிச்சம் வந்துகொண்டிருந்த ஜன்னலைக் காட்டினேன். நானும் சுகன்யாவும் கிழக்கே திரும்பிக் கையை உயர்த்தினோம். ஜன்னலுக்கு வெளியே ஆளில்லாத டிராம் பாதையும் பைன் மரங்களும். அந்தத் திசையில்தான் எங்கேயோ என் தங்கை குனிந்திருந்தாள். "நல்லா இருங்கன்னு வாய் விட்டுச் சொல்லு தம்பி" என்ற அம்மாவின் குரலோ, எங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது.