சென்னைக்குக் கிளம்பி வெள்ளிமலை போய்ச் சேர்ந்தோம்

கல்வராயன் மலைக்குச் சின்னக் குழந்தையோடு போகலாமா, பஸ் இருக்கிறதா, வாந்தி வருமா என்று நாலைந்து பேர் கேட்டிருந்தீர்கள். போய் வந்து மூன்று மாதம் ஆகிறது, இப்போதுதான் எழுதுகிறேன். மூன்று வயதுப் பிள்ளை இருக்கிற வீட்டில் தாமதத்துக்குக் காரணம் கேட்கமாட்டீர்கள் என்று நம்புகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நாங்கள் மலைக்குக் கிளம்பவே இல்லை. கிளம்பியது சென்னைக்கு. அன்றைக்கு எனக்குப் பட்டமளிப்பு விழா.

கள்ளக்குறிச்சியில் ஒரு ஹார்டுவேர் கடையில் கேஷியராக இருக்கிறேன். வேலைக்குப் போய்க்கொண்டே தொலைதூரக் கல்வியில் பி.ஏ. வரலாறு படித்தேன். முதல் வருடத் தேர்வு எழுதும்போது மகள் யாழினி வயிற்றில் இருந்தாள். கடைசி வருடத் தேர்வுக்கு, அவளைத் தோளில் போட்டுக்கொண்டு என் வீட்டுக்காரர் தேர்வுக்கூட வாசலில் வேப்பமரத்தடியில் நின்றார். பட்டம் தபாலிலும் வரும். நேரில் போனால் கறுப்பு அங்கி போட்டுவிடுவார்கள், மேடையில் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். எனக்கு அதுதான் வேண்டியிருந்தது. கடையில் நான் "கேஷ்". தெருவில், வீட்டுக்காரருக்கு லேத் பட்டறையில் வேலை என்பதால், "லேத்துக்காரர் வூட்டு பொண்ணு". மாமியார் வீட்டில் "யாழினி அம்மா". ஒரே ஒருமுறை, பத்து பேர் இருக்கிற இடத்தில், மைக்கில் என் பெயரைக் கேட்க வேண்டும். இரண்டு மாதம் முன்பே பட்டுப்புடவைக்கு ஃபால்ஸ் தைத்து வைத்துவிட்டேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

காலை ஐந்து மணி பஸ். நான், வீட்டுக்காரர், யாழினி, ஜீனத் அக்கா. ஜீனத் அக்கா கள்ளக்குறிச்சி கடைத்தெருவில் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருக்கிறார், வயது நாற்பத்து நான்கு, ஞாயிற்றுக்கிழமை வகுப்புகளில் என் பக்கத்து இருக்கை. என் பையில் தெர்மாமீட்டர், உப்புச்சர்க்கரைப் பொட்டலம், மூன்று செட் துணி, வாந்திக்குப் பிளாஸ்டிக் கவர் ஆறு, புளிசோறு, தயிர்சோறு. "சென்னைக்குப் போறமா, குடி போறமா?" என்றார் வீட்டுக்காரர்.

தியாகதுருகம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பஸ் நின்றது. இடஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்துகொண்டிருந்த மாதங்கள் அவை. முந்தைய நாள் வரை இந்தப் பக்கம் அமைதியாகத்தான் இருந்தது. இப்போது ரோட்டின் குறுக்கே ஒரு புளியமரக் கிளை, அதற்கு முன்னால் நூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். பத்து நிமிடத்தில் சரியாகிவிடும் என்று கண்டக்டர் சொன்னார். முக்கால் மணி நேரம் கழித்தும் அதையேதான் சொன்னார். யாழினியைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் பார்த்தால், கூட்டத்தில் என் சித்தி மகன் அருள்.

"அக்கா! நீ எங்க இங்க?"

"பட்டம் வாங்கப் போறேன்டா. வழி வுடச் சொல்லு."

"அய்யய்யோ, இன்னிக்கா?" தலையைச் சொறிந்தான். "நம்ம புள்ளைங்களுக்குப் படிப்புல எடம் வேணும்னுதான்க்கா ஒக்காந்துக்கினு இருக்கோம்."

"படிச்சு முடிச்சவள ரோட்டுல நிக்க வெச்சா?"

ஒரு பஸ்ஸை விட்டால் எல்லா பஸ்ஸையும் விடவேண்டும், அது எனக்கும் தெரியும். அவன் கேட்பதில் தப்பு இருப்பதாகவும் எனக்குத் தோன்றவில்லை. என் கோபமெல்லாம் அந்தப் புளியமரத்தின் மேல்தான். ஜீனத் அக்கா பின்னாலேயே இறங்கி வந்தார்.

"தம்பி, ஒம் புள்ளைக்கு எடம் கெடைக்கணும். அது நல்லா படிக்கணும். அது பட்டம் வாங்கப் போற அன்னிக்கு ரோடு தொறந்து இருக்கணும். துவா பண்றேன், போ."

உட்கார்ந்திருந்தவர்களே சிரித்துவிட்டார்கள். அருள் ஓடிப்போய் யாழினிக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட்டும் தண்ணீர் பாட்டிலும் வாங்கிவந்து கொடுத்தான். உளுந்தூர்பேட்டையிலும் மறியல் என்று டிரைவருக்குப் போன் வந்தது. ஏழரைக்கு பஸ்ஸைத் திருப்பினார்கள்.

எட்டு மணிக்கு மறுபடியும் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்ட். விழா பன்னிரண்டு மணிக்கு. இனி எதில் போனாலும் முடியாது. வராதவர்களுக்குத் தபால்தான், இன்னொரு விழா கிடையாது. புடவை மடிப்பு கசங்காமல் நின்றுகொண்டு நான் அழுதேன். யாழினியும் எதற்கென்று தெரியாமல் சேர்ந்து அழுதாள். வீட்டுக்காரர் டீ வாங்கிவந்தார், அவருக்கு வேறென்ன தெரியும். ஜீனத் அக்காதான் சொன்னார்:

"வூட்டுக்குப் போனா இன்னா நடக்கும்? என்னை இட்லிக்கு மாவு ஆட்டச் சொல்லுவாங்க. நான் ஆட்ட மாட்டேன். இன்னிக்கு லீவுன்னா லீவுதான். மல்லிகாவுக்குப் போன் போடு."

மல்லிகா எங்கள் வகுப்பிலேயே சின்னவள். வெள்ளிமலைக்கு அந்தாண்ட ஒரு சிற்றூரில் அங்கன்வாடிப் பணியாளர். அவளுக்கும் அன்றைக்குத்தான் விழா. மறியல் என்று கேள்விப்பட்டதும் வீட்டில் கீழே இறங்க விடவில்லையாம். லீவு சொன்னதை ரத்து செய்துவிட்டு மையத்தைத் திறந்து உட்கார்ந்திருந்தாள்.

"மேல வந்துடுங்கக்கா. இங்க எந்த மறியலும் இல்ல, பஸ் வந்தாதானே மறிக்கறதுக்கு."

இப்படித்தான் பட்டுப்புடவையோடு மலை ஏறினோம். இனி நீங்கள் கேட்ட விவரங்கள். கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலை பஸ் ஒன்பது பத்துக்குக் கிளம்பியது. பெரியவர்களுக்கு முப்பத்தெட்டு ரூபாய், யாழினிக்கு டிக்கெட் கேட்கவில்லை. கச்சிராயபாளையம் வரை சமதரை, கரும்பும் நெல்லும். கோமுகி அணை தாண்டியதும் ஏற்றம் தொடங்குகிறது. குழந்தையோடு போகிறவர்கள் முன்பக்க இருக்கை பிடியுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள், கிளம்பும்முன் பால் கொடுக்காதீர்கள். யாழினிக்கு வாந்தி வருமோ என்று வளைவுக்கு வளைவு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். அவள் குரங்கு எண்ணிக்கொண்டு வந்தாள். கவர் தேவைப்பட்டது அவள் அப்பாவுக்கு. ஆறில் நாலு காலி. "மாப்ளைக்கு மலை ஒத்துக்கல" என்றார் முன்சீட்டுப் பெரியவர், எலுமிச்சம்பழம் ஒன்றை நீட்டியபடி.

பெரியார் அருவி ரோட்டோரமாகவே வருகிறது. பஸ் மெதுவாகப் போனதால் ஜன்னல் வழியாகவே நன்றாகப் பார்க்க முடிந்தது, தண்ணீர் இருந்தது. தனி வண்டியில் போகிறவர்கள் இறங்கலாம், குழந்தையைப் பாறைப் பக்கம் விடாதீர்கள், வழுக்கும். கரியாலூர் வந்ததும் காற்றே வேறு. சாமைக் காடுகளும் மரவள்ளியும் மாறி மாறி வந்தன. மணி பதினொன்றேகாலுக்கு வெள்ளிமலை. வெயில் இருந்தது, சூடு இல்லை.

அங்கிருந்து மல்லிகா ஊர் ஐந்து கிலோமீட்டர் மண்ரோடு. ஜீப்புக்கு இருநூற்றைம்பது ரூபாய். டிரைவர் என் பட்டுப்புடவையை மேலும் கீழும் பார்த்தார்.

"யார் வூட்டுக் கல்யாணம்? எனக்குச் சேதியே இல்லியே?"

"கல்யாணம் இல்ல, பட்டமளிப்பு விழா" என்றார் ஜீனத் அக்கா.

"எங்க ஊர்லயா? யாருக்கு?"

"எங்களுக்குத்தான்."

"அப்ப சிறப்பு விருந்தினர் யாரு?"

"நீங்கதான். சவாரி இல்லன்னா வந்து ஒக்காருங்க."

அவர் ஜீப்பை நிறுத்திவிட்டு நிஜமாகவே கூட வந்துவிட்டார்.

அங்கன்வாடி ஒரே அறை. சுவரெல்லாம் யானை, ஆப்பிள், அ ஆ. பதினெட்டுப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அன்றைக்கு மாதாந்திர எடை போடும் நாள். மல்லிகா எங்களைப் பார்த்ததும் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். "ரெண்டு நிமிஷம்க்கா, இதுங்கள முடிச்சிடறேன்" என்று எடை இயந்திரத்துக்குத் திரும்பினாள். பெயர் கூப்பிடுவது உதவியாளர் சின்னப்பொண்ணு அக்காவின் வேலை. இரண்டு மலைக்குக் கேட்கிற குரல். அந்த ஊரில் ஹர்ஷினி மட்டும் மூன்று பேர் இருப்பதால், அம்மா பெயரைச் சேர்த்துத்தான் கூப்பிடுவார்.

"அஞ்சலை மவ ஹர்ஷினி!"

ஒரு குட்டிப் பெண் எழுந்துபோய் இயந்திரத்தின்மேல் நின்றது. சின்னப்பொண்ணு அக்கா எடையை ஊருக்கே அறிவித்தார். போன மாதத்தைவிட இருநூறு கிராம் ஜாஸ்தி. எல்லாப் பிள்ளைகளும் மூன்று முறை கைதட்டின. அது ஒரு வேகவைத்த முட்டையை வாங்கிக்கொண்டு ராணி மாதிரி திரும்பி வந்தது. அடுத்து இன்னொரு ஹர்ஷினி.

யாழினிக்குப் பொறுக்கவில்லை. "எனக்கு?" என்று என் முந்தானையை இழுத்தாள். சின்னப்பொண்ணு அக்கா என் பெயரைக் கேட்டார்.

"பரிமளா மவ யாழினி!"

பன்னிரண்டு கிலோ எழுநூறு. என் மாமியார் குறை சொல்வதுபோல் நான் படித்த படிப்பில் பிள்ளை இளைத்துப்போகவில்லை. சுவரில் ஒட்டியிருந்த அட்டவணையில் மல்லிகா விரல் வைத்துக் காட்டினாள், பச்சைக் கட்டத்தில் நன்றாக உள்ளேதான் இருந்தாள். நான் விட்ட மூச்சு அறை முழுக்கக் கேட்டிருக்கும்.

"பெரிய புள்ளைங்களையும் கூப்புடு சின்னப்பொண்ணு" என்றார் ஜீனத் அக்கா. "நாங்களும் வருஷக்கணக்கா வரிசையில நின்னுக்கினு இருக்கோம்."

"கூப்புட்டா போச்சு. உங்க அம்மா பேரு இன்னாங்க?"

"கதீஜா பீவி. மவுத்தாகி ஒம்போது வருஷம் ஆவுது."

"கதீஜா பீவி மவ ஜீனத்து! பி.ஏ.!"

ஜீனத் அக்கா புர்காவை உதறிச் சரிசெய்துகொண்டார். "உங்களுக்கெல்லாம்தான் அங்கி வாடகைக்கு வேணும். நான் வூட்லேருந்தே போட்டுக்கினு வந்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டே நடந்தார். உயரம் அளக்கிற சுவரில் சாய்ந்து நின்றார். சுவரில் எழுதிய எண்கள் அவர் மார்போடு முடிந்துவிட்டன. பதினெட்டும் ஒன்றும் பத்தொன்பது பிள்ளைகளும் மூன்று முறை தட்டினார்கள். முட்டையை வாங்கிக்கொண்டு திரும்பியவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எங்க அம்மா பேர இப்டி ஆளுங்க எதிர்ல யாரும் கூப்டதே இல்லம்மா" என்றார், என்னிடம் மட்டும்.

அடுத்தது நான்.

"முனியம்மா மவ பரிமளா! பி.ஏ.!"

மைக் இல்லை. சின்னப்பொண்ணு அக்காவுக்கு மைக் எதற்கு? நான் என் பெயரைக் கேட்கத்தான் அத்தனை ஆசைப்பட்டேன். காதில் விழுந்தது அம்மா பெயர்தான். ரிஷிவந்தியத்துப் பக்கம் ஒரு கிராமத்தில் அன்றைக்கும் நாற்று நட்டுக்கொண்டிருந்தார் அம்மா. கல்யாணத்துக்கு முன்னால் நான் போய்க்கொண்டிருந்த கல்லூரி இரண்டாம் வருடத்தோடு நின்று கல்யாணம் நிச்சயமானபோது அழுதது நான்கூட இல்லை, அவர்தான். என் எந்தச் சான்றிதழிலும் இனிஷியலாகக்கூட அவர் கிடையாது. எப்படி நடந்து சுவருக்குப் போனேன் என்று ஞாபகமில்லை. வீட்டுக்காரர் போட்டோ எடுத்தார். அதில் என் வாய் கோணலாக இருக்கிறது, கையில் முட்டை இருக்கிறது. வாழ்க்கையில் இதைவிட நல்ல போட்டோ எனக்கு எடுத்ததில்லை.

கடைசியாக "செல்லம்மா மவ மல்லிகா!" என்றதும் பிள்ளைகள் மூன்று தட்டோடு நிறுத்தவில்லை. அவள் அவர்களுடைய டீச்சர். அடுத்த பதவி உயர்வுக்கு இந்தப் பட்டம்தான் வழி என்று அவர்களுக்குத் தெரியாது. தட்டிக்கொண்டே இருந்தார்கள்.

ஜீப் டிரைவர் சிறப்புரை ஆற்றினார். "மூணு பட்டதாரி வந்துக்கீறீங்க. சந்தோஷம். இந்த மண்ரோட்டுக்குத் தார் போடச் சொல்லி நல்ல தமிழ்ல ஒரு மனு எழுதிக் குடுத்துட்டுப் போங்க. நன்றி." எழுதிக் கொடுத்தோம். பிறகு அங்கன்வாடிச் சோறும் எங்கள் புளிசோறும் கலந்து சாப்பிட்டோம். யாழினி முட்டையை முழுசாகத் தின்றாள். வீட்டில் அரை முட்டைக்கு ஒரு மணி நேரம் கதை சொல்லவேண்டும்.

மூன்றே முக்காலுக்கு வெள்ளிமலையில் இறங்கு பஸ். அதற்குப் பிறகும் ஒரு பஸ் உண்டு என்றார்கள். குழந்தையோடு போகிறவர்கள் அதை நம்பி இருக்கவேண்டாம், கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். ஸ்வெட்டர் கட்டாயம், நாலு மணிக்கே காற்று மாறிவிடுகிறது. ஏ.டி.எம்மை நம்பாமல் கையில் சில்லறை வையுங்கள். போன் சிக்னல் பல இடங்களில் இல்லை, வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மறியல் மாதங்களில் எங்கே போவதானாலும் கிளம்பும்முன் பஸ் ஸ்டாண்டில் விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். எலுமிச்சம்பழம் கணவருக்கும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.

பட்டம் பிறகு பதிவுத் தபாலில் வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கி பீரோவில் வைத்தேன், அவ்வளவுதான். படித்ததால் என்ன கிடைத்தது என்று கடையில் கேட்கிறார்கள். அரசுத் தேர்வுக்கு விண்ணப்பித்திருக்கிறேன், இன்னும் எதுவும் தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது, எனக்கு எதற்குத்தான் பயமில்லை. ஆனால் வேலை, பிள்ளை, அடுப்பு எல்லாவற்றுக்கும் நடுவே ஒன்றைத் தொடங்கி முடித்தவள் நான் என்பது, அந்தச் சுவரில் சாய்ந்து நின்ற பிறகுதான் எனக்கே உறைத்தது. பாதியில் படிப்பை விட்டவர்கள் யாராவது இதைப் படித்தால், விண்ணப்பம் வாங்குங்கள். முப்பதாவது வயதிலும் மனப்பாடம் ஆகிறது, கொஞ்சம் மெதுவாக ஆகிறது.

அன்றைக்கு மலையிலிருந்து இறங்கும்போது கோமுகி அணைப் பக்கம் சிக்னல் வந்தது. அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"ம்மா, இன்னிக்கு உன் பேரைக் கூப்ட்டாங்க."

"எம் பேரையா? எதுக்கு? நூறு நாள் வேலைக்கா?" அம்மா பதறிப்போனார். "நான் நடவுக்குல்ல வந்துக்கீறேன். ஆப்சென்ட் போட்டுட்டாங்களா?"

நடந்ததையெல்லாம் சொன்னேன். மறியல், மலை, முட்டை, முனியம்மா மவ பரிமளா.

"எத்தினி பேரு இருந்தாங்க அங்க?"

"பத்தொம்போது பேரு."

"எல்லாம் பெரிய ஆளுங்களா?"

"மூணு வயசு, நாலு வயசும்மா."

அம்மா சிரித்தார். "அப்ப சரி. அதுங்க ரொம்ப நாளைக்கு இருக்கும், சொல்லிக்கினு திரியும்."