இருளம்மாள் அடித்த மடைக் கரம்பை

இருளம்மாளைப் பற்றிச் சொல்லணும் என்றால் அவள் காலில் இருந்துதான் தொடங்கணும். ஒரு இடத்தில் தரிக்காத கால் அது. உலையில் அரிசியைப் போட்டுவிட்டு வாசலுக்கு வருவாள், கண்மாய்ப் பக்கம் ஒரு பார்வை பார்ப்பாள், உலை பொங்குகிற சத்தம் கேட்டு உள்ளே ஓடுவாள், மறுபடியும் வாசலுக்கு வருவாள். நம்மோடு பேசிக்கொண்டு இருக்கும்போதே பாதிப் பேச்சில் எழுந்து போய்விடுவாள். மீதிப் பேச்சை நாம் ஆட்டுக்குட்டியிடம் பேசிக்கொள்ள வேண்டியதுதான்.

அவள் புஞ்சையும் என் புஞ்சையும் ஒரே வரப்பு. அவளுக்கு நான் சொந்த அத்தை கிடையாது, ஆனாலும் அத்தை என்றுதான் கூப்பிடுவாள். நாரணாபுரத்துக்குத் தெற்கே எங்கள் ஊர். ஊருக்கு மேற்கே கண்மாய், கண்மாய்க்கும் மேற்கே மேட்டில் ஒரு வெடிக் கம்பெனி. இருளம்மாள் அந்தக் கம்பெனியில்தான் கல்யாணத்துக்கு முன்னேயிருந்து வேலை பார்த்தாள். வெடிக்குச் சுற்றுகிற தாளுக்கு ரோஸ் சாயம் முக்குகிற வேலை. முழங்கை வரைக்கும் ரோஸாகத்தான் இருப்பாள். சோறு பிசைந்தால் சோறும் ரோஸாகும் என்று அவள் மகள் பொன்மணி கேலி பண்ணுவாள்.

அந்தச் சாயம் சோப்புக்குப் போகாது. எங்கள் ஊர்ப் பெண்கள் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். வாசலில் ஒரு ஓட்டைப் பானை, அதில் கரிசல் களி. வேலை விட்டு வந்ததும் களியை அள்ளிக் கையில் தேய்த்து, அந்தப் பானையிலேயே கழுவி விடுவார்கள். கை வெளுத்துவிடும். பானையின் ஓட்டை வழியாக வடிகிற தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். சாயம் எங்கே போச்சு என்று யாரும் கேட்டதில்லை. கை சுத்தமானால் சரி.

இரண்டாயிரத்து ஆறோ ஏழோ, அந்த வருசத்து மாசிப் பொங்கலுக்கு அப்புறம் இருளம்மாள் வேலைக்குப் போகமாட்டேன் என்று நின்றுவிட்டாள். பொன்மணி அப்போது பத்தாவது எழுதப் போகிறாள். அவளையும் கம்பெனிக்கு அனுப்பிவிடலாம் என்று புருசன் கண்ணுச்சாமி பேச்செடுத்தான். கண்ணுச்சாமி லோடு லாரியில் போகிறவன். கெட்டவன் இல்லை, ஆனால் யோசிக்கிற வேலையைப் பெண்டாட்டிக்கு விட்டுவிட்டு முடிவை மட்டும் தானே எடுப்பான்.

"பிள்ள பன்னெண்டு வரைக்கும் படிக்கட்டும். புஞ்சையில நான் வெள்ளாம எடுத்துக் காட்டுறேன்" என்றாள் இவள்.

"அந்தச் செவக்காட்டுலயா? அதுல எங்கப்பன் போட்ட ஆட்டாம்புழுக்கையே எங்கன போச்சுன்னு தெரியல."

"தீவாளி வரைக்கும் டயம் குடு."

"தீவாளி தாண்டுச்சுன்னா பேச்சில்ல. பிள்ள கம்பெனிக்குப் போகும்."

அவ்வளவுதான் ஒப்பந்தம். பிள்ளை படிப்பு அந்தச் செவக்காட்டின் கையில் போச்சு.

கண்ணுச்சாமி சொன்னதிலும் ஞாயம் இருந்தது. செவல் மண் எதையும் நிறுத்தாது. தண்ணீரை ஊற்றினால் குடித்துவிட்டுக் கீழே விட்டுவிடும், எருவைப் போட்டால் அடுத்த மழையில் கரைத்து அனுப்பிவிடும். அதற்குக் கரம்பை அடிக்கணும். கண்மாய் வற்றின கோடையில் அடியில் படிந்திருக்கிற வண்டலை வெட்டி வண்டியில் கொண்டுவந்து செவலில் பரப்புவதுதான் கரம்பை அடிப்பது. கரிசல் சேர்ந்தால் செவலுக்குப் பிடிமானம் வந்துவிடும். எங்கள் பாட்டன் காலத்திலிருந்து இதுதான் நடைமுறை, அதில் எனக்கு இன்றைக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

சித்திரையில் கண்மாய் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. இருளம்மாள் ஒவ்வொரு மூலையாகப் போய் ஒரு சிட்டிகை மண்ணை நாக்கில் வைத்துப் பார்த்தாள். நாங்கள் எல்லாம் அப்படித்தான் பார்ப்போம். கரித்தால் உப்பு மண், ஆகாது. கரிக்காமல் வழவழ என்று நாக்கில் ஒட்டினால் நல்ல கரம்பை. மேற்குக் கரை மண் லேசாகக் கரித்தது. மடைப்பக்கத்துப் பள்ளத்தில் வெண்ணெய் மாதிரி நைசான களி, ஒரு பொட்டு உப்புச் சுவை இல்லை.

"அத்தை, நீங்களும் பாருங்க" என்று என் நாக்கிலும் வைத்தாள். நல்ல மண் என்றுதான் நானும் சொன்னேன். யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

மடைக் கரம்பையை வண்டி வண்டியாக அடித்தாள். வண்டிக்காரனுக்கு முன்னால் ஓடுவாள், பின்னால் ஓடுவாள், மாட்டுக்கு நடுவில் மிதிபடாமல் இருந்தது மாரியம்மன் புண்ணியம். கண்மாய்க் கரைக்குக் கீழே தூர்ந்து கிடந்த பழைய கிணற்றையும் தூர் எடுத்து மோட்டார் வைத்தாள். தண்ணீர் கொஞ்சம் சப்பை உப்புத்தான், குடிக்க ஆகாது, பாய்ச்ச ஆகும். பொன்மணி பத்தாவது பாஸாகிப் பதினொன்றில் சேர்ந்த அந்த வாரம் தண்டங்கீரை விதைத்தாள்.

கீரையா அது? இடுப்பு உயரம் வந்தது. பச்சை என்றால் கண்ணை உறுத்துகிற பச்சை. ரோட்டில் போகிறவன் சைக்கிளை நிறுத்திப் பார்ப்பான். பள்ளிக்கூடத்துச் சத்துணவு ஆயா வந்து பார்த்துவிட்டு, வாரா வாரம் கொடு, நானே எடுத்துக்கிறேன் என்று பேசிவிட்டுப் போனாள். கண்ணுச்சாமி கூட வரப்பில் நின்று மீசையைத் தடவினான்.

அந்த வாரம்தான் என் ஆடு செத்தது. சினை ஆடு. முளைக்குச்சியைப் பிடுங்கிக்கொண்டு வரப்பைத் தாண்டி வயிறு முட்ட அவள் கீரையைத் தின்றிருக்கிறது. நான் போய்ப் பார்க்கும்போது மூச்சு இரைக்கிறது, கால் தள்ளாடுகிறது, உதட்டைப் புரட்டினால் ஈறு காப்பிப்பொடி நிறம். உச்சிப்பொழுது சாய்வதற்குள் போய்விட்டது.

"ஏத்தா, கீரைக்கு என்ன மருந்து அடிச்ச?" என்று கேட்டேன். எனக்கு ஆத்திரம் இருக்காதா?

"ஒரு சொட்டு அடிக்கல அத்தை. இருக்கன்குடி மாரியாத்தா மேல சத்தியம்."

"அப்ப என் ஆடு தூங்குதா?"

"நீங்க கட்டி வச்சிருக்கணும்."

"நான் கட்டினது இருக்கட்டும். நீ வளத்தது என்னன்னு சொல்லு."

அன்றிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கீரையைக் கிள்ளி மோந்து பார்ப்பாள், போடுவாள். கிணற்றை எட்டிப் பார்ப்பாள். மண்ணை நாக்கில் வைப்பாள், துப்புவாள். மண் ஒன்றும் சொல்லவில்லை, அதே வழவழப்புத்தான். நானும் அவளோடு பேசுவதில்லை என்று இருந்தேன், ஆனாலும் வரப்புக்கு வந்து அவள் நடக்கிற நடையைப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

சொல்லிக் கொடுத்தது அந்த ஓட்டைப் பானை. வேலையை விட்டதிலிருந்து அது வாசலில் சும்மாதான் கிடந்தது. எத்தனையோ மழை அதில் பெய்து வடிந்தது, வடிந்த தண்ணீர் எல்லாம் வெள்ளைத் தண்ணீர். அன்றைக்குப் பொன்மணி மோர் மிளகாய் வடித்த தண்ணீரை, புளித்த மோரும் உப்புமாக இருந்ததை, கை போன போக்கில் அந்தப் பானையில் கொட்டினாள். கொஞ்ச நேரத்தில் ஓட்டை வழியாக ரோஸ் கலரில் தண்ணீர் வழிந்து வாசல் பூரா ஓடியது.

"அம்மா, பானைக்கு ரத்தம் வருது" என்று பிள்ளை சிரித்தது.

இருளம்மாள் சிரிக்கவில்லை. அப்படியே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டாள். அவள் அவ்வளவு நேரம் ஒரே இடத்தில் இருந்து நான் பார்த்ததே இல்லை. அப்புறம் எழுந்து நேராக என்னிடம் வந்தாள், பேசாமல் இருந்ததை எல்லாம் மறந்து.

"அத்தை, சாயம் எங்கயும் போகல. களிக்குள்ளயேதான் இருந்திருக்கு. மழைக்கு விடல, உப்புக்கும் புளிப்புக்கும் விட்டுருச்சு."

"அதுக்கென்ன இப்போ?"

"கம்பெனியில சாய வேலை முடிஞ்சதும் வெடிமருந்து ரூமையும் நாங்கதான் சாயங்காலம் சாயங்காலம் தண்ணி ஊத்திக் கழுவுவோம். ஒரு துளி மருந்து தரையில கிடந்தா மறுநாள் உரசித் தீப்பிடிச்சிரும்னு. அந்தத் தண்ணி ஓடை வழியா எங்கன போகுது? கண்மாய்க்குத்தான். கண்மாயில எங்கன போய் நிக்கும்? மடைப் பள்ளத்துல. என் கையாலயே கழுவித் தள்ளியிருக்கேன் அத்தை. அதை என் கையாலயே அள்ளிட்டு வந்து புஞ்சையில போட்டிருக்கேன்."

எனக்கு அது ஏறவில்லை. கரம்பையைக் குறை சொன்னால் எனக்குக் கோபம் வரும். சரி, விவரம் தெரிந்தவரைக் கேட்போம் என்று சுந்தர்ராஜ் சார் வீட்டுக்கு இரண்டு பேரும் போனோம். பொன்மணிக்கு வேதியியல் நடத்துகிற சார். வேதக்கோவில் தெருவில் வீடு.

சார் எங்களை உட்கார வைத்துக் காப்பி கொடுத்தார். இருளம்மாள் உட்காரவில்லை. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நடையிலேயே குடித்தாள். சார் எல்லாம் கேட்டுவிட்டு மெதுவாகத்தான் சொன்னார்.

"கரிசல் களிக்கு ஒரு இழுப்பு உண்டும்மா. சில சரக்கை விடாமப் பிடிச்சு வச்சுக்கிடும். எருவுல உள்ள சத்தையும் அப்படித்தான் பிடிக்குது, அதனாலதான் நீங்க கரம்பை அடிக்கீக. ஆனா அதுக்கு நல்லது கெட்டது தெரியாது. மத்தாப்புல பச்சை வெளிச்சத்துக்குப் போடுற உப்பு இருக்குல்ல, அதுல உள்ள சரக்கையும் அதே மாதிரி பிடிச்சு வச்சிருக்கும். நாக்குக்குத் தெரியாது, ஏன்னா அது களியோட ஒட்டிக் கிடக்கு."

"ஆடு?" என்றேன் நான்.

"ஆட்டைக் கொன்னது வேறயா இருக்கும்னு நினைக்கேன். அந்த உப்புல இன்னொரு பாதி இருக்கு. அதைக் களி பிடிக்காது. தண்ணியோடயே இறங்கி உங்க கிணத்துக்கு வந்திருக்கும். பயிருக்கு அது சத்துதான், அதான் அம்புட்டுப் பச்சை. தண்டங்கீரை அதை அளவில்லாமக் குடிச்சு வச்சுக்கும். ஒரேயடியா தின்னா ஆடு தாங்காது."

"கிணத்துத் தண்ணி உப்பு சார்" என்றாள் இருளம்மாள். "பானையில மோர்த் தண்ணி ஊத்துன மாதிரி நான் தினமும் புஞ்சைக்கு ஊத்திக்கிட்டு இருக்கேன். களி விட்டிருக்கும்ல?"

சார் கையை விரித்தார். "எம்புட்டு இருக்குன்னு நான் சொல்ல முடியாது. பயிர்ச்சத்துக்குப் பார்க்கிற சோதனையில இது தெரியாது. மதுரைக்கு மண்ணனுப்பித் தனியா பார்க்கணும். நாளாகும்."

"நாளைக்கு ஆயா மொதக் கட்டுக் கீரைக்கு வர்றா சார்."

"எனக்கு உறுதியாத் தெரியாதும்மா. தப்பாவும் இருக்கலாம்." நெற்றியைத் தேய்த்தார். "ஆனா எங்க வீட்டுக்குன்னா நான் வாங்க மாட்டேன்."

திரும்பி வரும்போது அவள் எனக்கு முன்னால் போனாள், நின்றாள், திரும்பி வந்தாள், மறுபடி போனாள். நான் ஒன்று சொன்னேன், சொன்னதை மறைக்க மாட்டேன்: ஊரே கண்மாய்த் தண்ணீரில்தான் குளிக்குது, ஊரா செத்துப்போச்சு, கீரையை அலசிக் கொடு என்றேன். அவள் கேட்டாள்: "உங்க பேத்தி அந்தப் பள்ளிக்கூடத்துலதான் சாப்பிடுது, இல்லையா அத்தை?"

மறுநாள் விடிந்து வெயில் ஏறும்போது அவள் கீரையைப் பிடுங்கிக்கொண்டு இருந்தாள். அறுக்கவில்லை, வேரோடு. புஞ்சையின் மூலையிலேயே குழி வெட்டி அதில் போட்டாள். ஆயா கூடையோடு வந்து வாயைப் பிளந்து நின்றாள். கண்ணுச்சாமியும் வந்தான்.

"கிறுக்குப் பிடிச்சிருச்சா ஒனக்கு? காயப் போட்டாவது வித்திருக்கலாம்ல."

"யாருக்கு?"

"யாருக்கோ."

"அந்த யாருக்கோவுக்கும் வயிறு இருக்கும்."

"சரி. அப்ப ஒப்பந்தம் ஒப்பந்தந்தான். தீவாளி வந்துக்கிட்டு இருக்கு. கம்பெனியில ஆள் கேக்கான்."

இருளம்மாள் கையில் இருந்த கட்டைக் குழியில் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். "ஆள் ஒண்ணுதானே கேக்கான்? நான் போறேன். பிள்ள பள்ளிக்கூடத்துக்குப் போகும். இதுல நீ மூச்சு விடாத."

கண்ணுச்சாமி என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். "என்னலே பாக்க, குழியை மூடு" என்றேன். மண்வெட்டியை எடுத்துக்கொண்டான்.

எந்த வேலையை வேண்டாம் என்று விட்டு வந்தாளோ, அந்தத் திங்கட்கிழமை அதே வேலைக்குப் போனாள். கை மறுபடி ரோஸாச்சு. புஞ்சையைத் தரிசாகப் போட அவளுக்கு மனசில்லை. மனுசனும் தின்னாத, ஆடும் தின்னாத செடி எது என்று யோசித்து யோசித்து அரளிக் குச்சி ஊன்றினாள். இருக்கன்குடிக்குப் போகிற மாலைக்கு அரளி எப்போதும் வேண்டும். கிணற்று மோட்டாரைக் கழற்றிவிட்டாள். மழைத் தண்ணீரும் தொழு எருவும் மட்டும்தான். எரு சேரச் சேர மண் இன்னும் கெட்டியாகப் பிடிக்கும், புளிப்பும் உப்பும் படாமல் பார்த்துக்கோங்க என்று சார் சொல்லியிருந்தார். மதுரைக்கு அனுப்பின மண்ணுக்குப் பதில் வந்தது: சார் சொன்ன அந்தச் சரக்கு இருக்கத்தான் செய்கிறது, எவ்வளவு இருந்தால் கெடுதல் என்பதற்கு நம்ம பக்கம் கணக்கு எதுவும் இல்லை, தின்கிற பயிர் வேண்டாம் என்று.

அரளி மெதுவாகத்தான் பூத்தது. பொன்மணி பன்னிரண்டு முடித்து நர்சுக்குப் படிக்கப் போன வருசம்தான் கூடை நிறையப் பூ எடுத்தாள். அப்போதும் அவளுக்கு நிம்மதி இல்லை. கம்பெனி வண்டி ரோட்டில் இறக்கிவிட்டதும் வீட்டுக்குப் போகமாட்டாள், புஞ்சைக்குத்தான் வருவாள். ஒவ்வொரு செடியாகப் போவாள்.

"அத்தை, பூவுக்குள்ளயும் ஏறியிருக்குமோ? பூக்கட்டுறவ நாரைப் பல்லுல கடிப்பாளே."

"நாரு வாழையில இருந்து வருது. ஒன் புஞ்சையில இருந்தா வருது? போத்தா, போய்க் காப்பியப் போடு."

"மழை கூடிப் பெஞ்சா விட்டுருமோ? கிணறு உள்ளவுக யாராச்சும் கீழ்ப்பக்கம்..."

"கீழ்ப்பக்கம் என் புஞ்சைதான் இருக்கு. எனக்குக் கிணறு இல்ல."

அப்படியும் போகமாட்டாள். குனிந்து ஒரு சிட்டிகை மண்ணை எடுப்பாள். பழக்கம், கை தானாக வாய்க்குப் போகும். உதடு வரைக்கும் போய்விட்டு நிற்கும். மண்ணைப் போட்டுவிட்டு, ரோஸ் விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டு, அடுத்த செடிக்குப் போவாள்.