திருவிருந்துக்கு எழாதவர்

மல்காஜ்கிரியில் எங்கள் தமிழ் ஆலயத்தில், திருவிருந்தின் அப்பமும் ரசமும் வாங்க எங்கள் பெஞ்சு எழும்போதெல்லாம் அவர் மட்டும் எழமாட்டார். ஒல்லியான உடம்பு, கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. ரயில்வேயில் இருந்து ஓய்வுபெற்றவர். கால்களை ஒடுக்கி எங்களுக்கு வழிவிட்டு, எல்லாருடைய பைகளையும் மடியில் வாங்கி வைத்துக்கொள்வார்.

ஒரு ஞாயிறு, “நீங்களும் வாங்க அங்கிள்” என்றேன்.

“நக்கோ தம்பி, வேண்டாம். கூடப்பிறந்த அண்ணனோட சண்டை. ஒப்புரவாகாம எடுக்கக்கூடாதுல்லா?”

“அப்ப போய்ப் பேசிருங்களேன்.”

“அவன் செத்துட்டான்.”

“ஆண்டவர் மன்னிப்பாரு அங்கிள்.”

“அவரு மன்னிப்பாரு, தெரியும். அவன் மன்னிக்கணுமே.”

பெஞ்சு எழுந்தது. என் ஹெல்மெட்டை நீட்டினேன். இடது கையின்மேல் வலது கையை விரித்து, அப்பம் வாங்குவதுபோல் அதை வாங்கிக்கொண்டார்.