அசுரன் சாகாத கடைசி அத்தியாயம்

என் இரும்புப் பெட்டியின் அடியில் பிழை திருத்த அடித்த ப்ரூஃப் தாள்கள் ஆறு, நான்காக மடித்துக் கிடக்கின்றன. மடிப்பெல்லாம் கிழிந்துவிட்டது. ஓரத்தில் ஹெட்கிளார்க் சார் சிவப்பு மையில் எழுதியது மட்டும் மங்கவில்லை. அச்சகத்திலிருந்து நான் திருடி வந்த தாள்கள் இவை. திருடியதில் எனக்கு வெட்கமில்லை. பிறகு சொன்ன பொய்க்குத்தான் வெட்கம்.

அறுபதுகளின் கடைசியில் பிள்ளையார்பாளையத்தில் ஒரு சின்ன அச்சகத்தில் நான் கம்பாசிட்டர். கல்யாணப் பத்திரிகையும் கட்சி நோட்டீசும் அடித்துப் பிழைத்த இடத்துக்கு, நகராட்சி ஹெட்கிளார்க் சார் ஒரு நாவலைக் கொண்டுவந்தார். ஃபைலைத் தவிர எதையும் நிமிர்ந்து பார்க்காத மனிதர். அவருக்குள் இவ்வளவு குறும்பா என்று எழுத்துக் கோக்கும்போதே எனக்குச் சிரிப்பில் வயிறு குலுங்கும். கடைசி அத்தியாயத்தில், ஊர்க் கூத்துக்குத் தலைமை தாங்க வரும் சேர்மன் மைக்கை விடவே மாட்டார். அசுரன் வேஷக்காரர் கிரீடத்தோடு தூங்கிப்போவார். பொழுது விடிந்ததும், அவரைக் கொல்ல வேண்டிய ராஜா வேஷக்காரர் தறிக்கு நேரமாயிற்று என்று கத்தியை வைத்துவிட்டுப் போய்விடுவார். சேர்மன் அசுரனுக்கும் ஒரு மாலை போட்டுவிட்டுக் கிளம்புவார்.

எங்கள் முதலாளி அந்தப் பக்கங்களை நிஜச் சேர்மனிடம் காட்டிவிட்டார். நோட்டீஸ் வேலையெல்லாம் அவர் தருவதுதான். சேர்மன் கோபப்படவில்லை. நேரில் வந்து, "சிரிச்சிக்கினே படிச்சேன் சார். புக்கு நல்லா வரட்டும். கடைசி மட்டும் வேணாமே," என்றார். அவருக்குக் கீழே வேலை பார்க்கிறவர் என்ன செய்வார்? சார் தன் கையெழுத்துப் பிரதியில் அந்தப் பக்கங்களை அங்கேயே கிழித்துப் போட்டார். கோத்து வைத்திருந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பிரித்து நான் எழுத்துப் பெட்டியின் அறைகளில் போட்டேன்; ப்ரூஃபை மட்டும் யாருக்கும் தெரியாமல் மடித்து வீட்டுக்கு எடுத்துப்போனேன். மறுநாள் அதே எழுத்துகளில் சேர்மனுக்கு ஒரு வரவேற்பு மடல் கோத்தேன். அதை எழுதியவரும் சார்தான்.

புத்தகம் வந்தது. "என்னாபா, பாதியிலயே நிக்குது," என்று படிப்பகத்தில் தூக்கிப் போட்டார்கள். அதன்பின் சார் மடல்கள் மட்டுமே எழுதினார்.

ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் அச்சகத்துக்கு வந்தார். "திரும்ப எழுதலாம்னு பார்க்கிறேன், வரவே மாட்டேங்குது. அந்த ப்ரூஃப் உங்கிட்ட எங்கனா இருக்குதாப்பா?" என்றார். முதலாளி என் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தார். "இல்ல சார், அப்பவே எரிச்சிட்டோம்," என்றேன். சார் எழுத்துப் பெட்டியையே சற்று நேரம் பார்த்துவிட்டுப் போனார். அவர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். முதலாளிக்குத் தெரிந்தால் வேலை போகும் என்ற பயத்தில் நாளை, நாளை என்று தள்ளினேன். அந்த ஐப்பசி மழையில் அவர் இறந்துபோனார்.

இன்று அச்சகம் இருந்த இடத்தில் செல்போன் கடை. முதலாளியும் இல்லை, சேர்மனும் இல்லை. பயப்பட ஆளில்லாத வீட்டில் உட்கார்ந்து அந்தத் தாள்களைப் பிரிக்கிறேன். அசுரன் தூங்கும் இடத்தில், திருத்தங்களுக்கு நடுவே, எனக்கென்று சார் ஒரு வரி எழுதியிருக்கிறார்: 'இங்கே சிரிப்பு வருதா? பார்த்துச் சொல்லுப்பா.'

வந்தது சார். நான்தான் வந்து சொல்லவில்லை.