மாடியில் ஊறிய மீன் உரம்

பெரிய மார்க்கெட்டின் மீன்வாடை மூக்கில் ஏறினால் போதும், எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும்.

ரெட்டியார்பாளையத்தில் வாடகைக்குக் குடிபோன புதிதில், மொட்டைமாடித் தொட்டிகளில் என் மிளகாய்ச் செடிகள் வெளுத்துப்போய் நின்றன. மீன் கழிவைச் சம எடை வெல்லத்தோடு மூடி ஊறவைத்தால் ஒரு மாதத்தில் நல்ல உரமாகிவிடுமாம். பெரிய மார்க்கெட்டில் கழிவு வாங்கிவந்து, பாதியை வெல்லத்தோடு டப்பாவில் ஊறப்போட்டேன். அதுவரை பொறுக்குமா மனசு? மீதியைப் பச்சையாகவே தொட்டிகளில் புதைத்துவிட்டேன்.

விடிந்து பார்த்தால் தெருப்பூனைகள் அத்தனையும் மாடியில்! மண் பறக்கிறது, செடிகள் சாய்கின்றன. வீட்டுக்கார அக்கா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஏறிவந்தார்.

"இன்னா தம்பி, மாடியில மீன் மார்க்கெட்டே வெச்சிட்டியா? இன்னொரு வாட்டி இந்த நாத்தம் வந்துச்சு, தொட்டி அத்தினியும் தெருவுலதான்!"

செடிகளை நிமிர்த்தி நட்டேன். டப்பாவைத் துணி சுற்றி மூலையில் ஒளித்துவைத்தேன். அதைத் திறக்கும் அன்று அக்காவும் வந்து நின்றுவிட்டார். திறந்தேன். குனிந்து முகர்ந்தார், மறுபடியும் முகர்ந்தார். மீன் எங்கே போனதோ, கனிந்த பழத்தின் மணம்! எனக்குத் தலைகால் புரியவில்லை. வாளித் தண்ணீரில் ஒரு மூடி கலந்து, செடிக்குச் செடி ஆடிக்கொண்டே ஊற்றினேன்.

படியிறங்கப்போன அக்கா திரும்பினார்.

"என் கறிவேப்பிலைக்கும் ஒரு பாட்டில் குடு தம்பி. பூனைய மட்டும் கூட்டினு வராத."