ஆகஸ்டுக்கு வைத்த பழம்

என் மகள் என்னிடம் ஒரே ஒரு மாம்பழம் கேட்டாள். மரம் எங்கள் வீட்டுக் கொல்லையில்தான் நிற்கிறது. பழம் கைக்கெட்டும் உயரத்தில் தொங்கியது, துறட்டிகூட வேண்டாம். நான் கொடுக்கவில்லை. ஐந்து வருடம் ஆகிறது. வெளியில் சொன்னால், "ஒரு மாம்பழத்துக்கா இவ்வளவு?" என்று கேட்பார்கள். ஆமாம், ஒரு மாம்பழத்துக்குத்தான்.

முதலில் மரத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். மில்லில் வேலை பார்த்தவர். என் அண்ணன் பிரெஞ்சுக் குடியுரிமை இருக்கிற வீட்டுப் பெண்ணைக் கட்டிக்கொண்டு பிரான்சுக்குப் போனான். அங்கே ஆகஸ்டில்தான் லீவு கிடைக்கும். லீவை அவன் பிரெஞ்சில் வக்கான்ஸ் என்பான். வக்கான்ஸ், வக்கான்ஸ் என்று நைனாவும் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டார். முதல் தடவை லீவில் வந்தவன், "ஒரு மாம்பழம் கெடைக்கல பாரு, எல்லாம் முடிஞ்சபோதான் நான் வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்னான். நைனா அதைத் தலையில் ஏற்றிக்கொண்டார். ஊருக்கு வெளியே ஒரு நர்சரிக்குப் போய், "ஆகஸ்டு வரைக்கும் மரத்துல நிக்கிற மாங்கா எது?" என்று கேட்டு, நீலம் ஒட்டுக்கன்று ஒன்றை சைக்கிளில் கட்டிக்கொண்டு முத்தியால்பேட்டைக்கு வந்தார். பங்கனப்பள்ளியும் செந்தூராவும் வந்து ஓய்ந்த பிறகு, கடைசியாக வருவது நீலம். பிள்ளையின் லீவுக்குத் தகுந்த மரம்.

அந்த மரம் காய்க்க ஆரம்பித்த சமயத்தில்தான் நான் அந்த வீட்டுக்குத் திரும்பி வந்தேன். கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார். ஆறு வயசுப் பெண்ணும் ஒரு தையல் மிஷினும்தான் என்னோடு வந்தன. அம்மா அதற்கு முன்பே காலமாகிவிட்டாள். ஜாக்கெட் தைத்துப் பிழைத்தேன். நைனாவுக்குச் சமைத்துப் போட்டேன், மரத்துக்குத் தண்ணீர் ஊற்றினேன், பூவெடுக்கும் முன் தண்ணீரை நிறுத்தினேன், தத்துப்பூச்சிக்கு மருந்து அடித்தேன். பழம் மட்டும் எங்களுக்கு இல்லை.

அணில் கடித்தது, வௌவால் போட்டது, காற்றில் விழுந்து அடிபட்டது, இதெல்லாம் எங்களுக்கு. அழுகினதை வெட்டி எறிந்துவிட்டு மீதியைக் குழந்தைக்குக் கொடுப்பேன். முழுப் பழம் வேண்டுமென்று அவள் கேட்டதில்லை. கீழே கிடக்கிற நல்ல பழத்தை எடுத்தால்கூட நேராக நைனாவிடம் கொண்டுபோய்க் காட்டி, "தாத்தா, இது வுழுந்தது, நான் பறிக்கல" என்பாள். அப்போது அது எனக்குச் சமத்தாகத் தெரிந்தது. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

வௌவாலுக்குப் பயந்து காய்க்குப் பை கட்டுகிற யோசனையும் என்னுடையதுதான். ஜாக்கெட் லைனிங் துணியில் மிஞ்சின துண்டுகளைச் சேர்த்து, நாடா வைத்துச் சின்னச் சின்னப் பைகளாகத் தைத்தேன். காய் எலுமிச்சம்பழ அளவு ஆனதும் ஒவ்வொன்றுக்கும் மாட்டிக் கட்டிவிடுவேன். சிவப்பு, பச்சை, ரோஸ் என்று மரம் முழுக்கத் துணி. பக்கத்து வீட்டுக்காரி மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "இன்னாக்கா, ஊருக்கெல்லாம் தெச்சது போதாதுன்னு மாங்காய்க்கும் ஜாக்கெட்டு தெச்சிட்டியா?" என்று சிரிப்பாள். நானும் சிரித்தேன். நைனா சிரிக்க மாட்டார். காலையில் காபி குடித்ததும் கொல்லைக்குப் போய்த் தடியை நீட்டி நீட்டிப் பைகளை எண்ணுவார். ஒன்று குறைந்தாலும், விழுந்த பழம் எங்கே என்று கேட்பார்.

மகளுக்கு அரியாங்குப்பத்தில் மாப்பிள்ளை பார்த்து மாசியில் கல்யாணம் முடித்தேன். ஆடிக்கு அழைத்து வந்தபோது மூன்று மாதம் முழுகாமல் இருந்தாள். மசக்கை என்றால் அப்படி ஒரு மசக்கை. சோறு வடிக்கிற வாசனைக்கே ஓடுவாள். ரசம் வைத்தால் வாந்தி, இட்லி வைத்தால் வாந்தி. கன்னம் ஒட்டிப்போய்த் துணி காயப்போடுகிற கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

ஆடி பிறந்து பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும். கொல்லையில் நின்றிருந்தவள் என்னைக் கூப்பிட்டாள்.

"அம்மா, அந்த மஞ்சப் பையில இருக்கறது பழுத்துடுச்சும்மா. இங்க வரைக்கும் வாசன வருது. அத மட்டும் அறுத்துக் குடேன். அது எறங்கும்னு தோணுது."

இருபத்து நாலு வயசில் முதல் தடவையாக மரத்திலிருந்து ஒரு பழம் கேட்டாள். என் கையில் கத்தரிக்கோல் இருந்தது. ஜாக்கெட் வெட்டிக்கொண்டிருந்தவள் அப்படியே எழுந்து வந்திருந்தேன். நாடாவை ஒரு வெட்டு, காம்பை ஒரு வெட்டு, அவ்வளவுதான் வேலை.

நைனா வாசல் பக்கமிருந்து குரல் கொடுத்தார். "இன்னா, மரத்தாண்ட இன்னா?"

"புள்ள ஒரு பழம் கேக்குது நைனா. வாயும் வயிறுமா இருக்குது."

"பத்து நாள்தான இருக்குது. அவன் வந்துரட்டும். மொதப் பழத்த அவன் கையால பறிக்கட்டும், அப்புறம் எல்லாரும் துன்னுங்க. மார்க்கெட்ல இல்லாத மாங்காவா? வாங்கிக் குடு."

நான் மகள் முகத்தைப் பார்த்தேன். அவள் என் கத்தரிக்கோலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "தாத்தா சொல்றாருல்ல, பத்து நாள் பொறுத்துக்கடி" என்றேன். நான்தான் சொன்னேன். வேறு யாரும் என் வாயில் புகுந்து சொல்லவில்லை. தெருவில் குப்பை கொட்டினவனிடம் அரை மணி நேரம் மல்லுக்கு நிற்கிற வாய் இது. பெற்ற பெண்ணுக்காகத் திறக்கவில்லை. இந்த வீட்டில் ஒண்டிக்கொண்டிருக்கிறோம் என்ற நினைப்பு எனக்கு உள்ளேயே ஊறிப்போயிருந்தது.

அன்று சாயங்காலம் மார்க்கெட்டுக்குப் போய் அலைந்தேன். சீசன் முடிந்து, எங்கோ அடைத்து வைத்துப் பழுக்கவைத்த இரண்டு பழம் கிடைத்தது. வெட்டித் தட்டில் வைத்தேன். மோந்து பார்த்தாள். ஓடிப்போய் வாந்தியெடுத்தாள். அதற்கு முன்பே நான் யோசித்திருந்தேன்: பழத்தை அறுத்துவிட்டு அதே பையில் துணிக் கந்தலை உருட்டி வைத்துக் கட்டிவிட்டால் கிழவர் எண்ணிக்கை சரியாக இருக்கும். யோசித்தேன், செய்யவில்லை. திருடுகிற தைரியம்கூட இல்லாமல் போயிற்று.

"பரவால்லம்மா" என்று மட்டும் சொன்னாள். அடுத்த இரண்டாம் நாள், ஆடி முடிவதற்கு முன்பே, மாப்பிள்ளைக்குப் போன் போட்டு வரவழைத்துக் கிளம்பிவிட்டாள். அங்கே அவள் மாமியார் விசாரித்து விசாரித்து யார் தோட்டத்திலிருந்தோ நீலம் பழம் வாங்கி வந்து கொடுத்தாராம். சம்பந்தியம்மாவே போனில் சொன்னார், குத்திக்காட்டவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். "வாங்கியாந்து குடுத்தேன், கையில வெச்சிக்கினே ஒக்காந்திருந்துச்சு, துன்னல. ஏன்னு தெரியல." எனக்குத் தெரியும்.

அண்ணன் பத்து நாளில் வரவில்லை. டிக்கெட்டை மாற்றினான், திரும்பவும் மாற்றினான். ஆடிக்காற்று மரத்தைப் பிடித்து உலுக்கியது. பையோடு பையாகப் பழங்கள் விழுந்தன. விழாமல் நின்றவற்றை நைனா தொடவிடவில்லை. நீலத்துக்கு ஒரு குணம் உண்டு. வெளியே பார்த்தால் கன்னம் மஞ்சளாக, ஒரு புள்ளி இல்லாமல் இருக்கும். கொட்டைக்குள் வண்டு இருக்கும். பழம் பழுத்து நாள் கடந்தால் சதையைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். காலத்தில் பறித்துத் தின்றுவிட்டால் கொட்டையோடு போய்விடும். காத்திருக்க வைத்தால் அவ்வளவுதான்.

அண்ணன் ஆகஸ்டு பாதி தாண்டி, தனியாக வந்தான். சாப்பிட்டு முடித்ததும் நைனா அவனைக் கொல்லைக்குக் கூட்டிப்போய்ப் பழம் பறிக்க வைத்தார். நாலு பழத்தைக் கழுவித் துடைத்து, தானே தட்டும் கத்தியும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். முதல் பழத்தை அறுத்தார். உள்ளே கறுப்பு. இரண்டாவதும் கறுப்பு. மூன்றாவது பழத்திலிருந்து ஒரு வண்டு வெளியே வந்து தட்டின் ஓரமாக நடந்து போனது. நாலாவது பழம் நன்றாக இருந்தது. அதில் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு அண்ணன் சொன்னான்:

"உடு நைனா. அங்க கடையில எல்லா ஊரு மாங்காவும் வருது. எனக்கு வேற சுகரு, ஒரு துண்டுக்கு மேல துன்னக் கூடாதுன்றாங்க."

அவன் மேல் தப்புச் சொல்ல முடியுமா? மரம் வை என்று அவன் சொல்லவில்லை. காத்திரு என்றும் சொல்லவில்லை. ஆனாலும் மீதிப் பழத்தைத் தட்டோடு தூக்கிக்கொண்டுபோய்க் கொல்லையில் கொட்டினேன். நைனாவோ, அடுத்த வருடம் காய் பிடித்ததும் திரும்பவும் தடியை எடுத்துக்கொண்டு எண்ணத்தான் போனார்.

அதற்கு அடுத்த வருடம் கார்த்திகையில் நைனா போய்விட்டார். சரி, அவர் போனபிறகாவது எனக்குப் புத்தி வந்ததா என்றால், இல்லை. மறு சித்திரையில் காய் பிடித்ததும் என் கை தானாக லைனிங் துணியைத் தேடியது. உட்கார்ந்து பை தைத்து எல்லாவற்றுக்கும் கட்டினேன். பக்கத்து வீட்டுக்காரி மாடியிலிருந்து, "கட்டச் சொன்னவரே போய்ட்டாரு, இன்னும் யாருக்குக்கா கட்டற?" என்றாள். இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை. அண்ணன் அந்த வருடம் வரவில்லை. பைகளை அவிழ்த்தபோது பாதிக்கு மேல் வண்டு. போன வருடம் பூவெல்லாம் பூச்சியில் கருகிக் கொட்டிவிட்டது.

இந்த வருடம் நான் பை தைக்கவில்லை. அணில் தின்றது போகட்டும் என்று விட்டேன். ஆனி கடைசியில் காம்படி மேடு தட்டிக் காய் முற்றியதும், துறட்டியால் ஒவ்வொன்றாகக் காம்போடு இறக்கினேன். பால் வடியவிட்டு, வைக்கோலில் அடுக்கி, ஐந்து நாள் வைத்தேன். ஆடி முதல் வெள்ளிக்கு வீடு முழுக்க வாசனை. ஒன்றை எடுத்து அறுத்துப் பார்த்தேன், துளி கறுப்பில்லை. நல்லதாகப் பொறுக்கி ஒரு பை நிறைய எடுத்துக்கொண்டு அரியாங்குப்பத்துக்கு பஸ் ஏறினேன். ஐந்து வருடக் கடனை ஒரே பையில் அடைத்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டு போனேன். எப்பேர்ப்பட்ட கூறுகெட்ட நினைப்பு.

மகள் வாசலிலேயே பையை வாங்கிக்கொண்டாள். "இவ்ளோவா எடுத்தாந்த? எதுக்கும்மா செரமம்?" என்றாள். நல்ல வார்த்தைதான். பேத்தி ஓடி வந்து பைக்குள் தலையை விட்டாள். மகள் ஒரு பழத்தைக் கழுவி அறுத்துத் தட்டில் வைத்தாள். குழந்தை முழங்கை வரை வழியவிட்டுத் தின்றது. அதைப் பார்க்கிறபோது மனசு நிறைந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஒரு துண்டை எடுத்து மகளிடம் நீட்டினேன்.

"நீயும் ஒண்ணு எடுத்துக்கடி."

"எனக்கு வேணாம்மா."

"நல்லாக் கீது, துன்னு பாரு."

"நான் மாம்பழம் துன்றதில்லம்மா. அஞ்சு வருஷமாச்சு." கோபமில்லை, அழுகையில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்கிற மாதிரி சொன்னாள். "ஒனக்குத் தெரியாது?"

தெரியாது. ஐந்து வருடத்தில் எத்தனை தடவை அந்த வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன், எத்தனை சித்திரை வைகாசி போயிருக்கிறது, எனக்குத் தெரியாது. நீட்டின துண்டைத் திரும்பத் தட்டில் வைத்தேன்.

அப்போது பேத்தி தட்டைக் காலி செய்துவிட்டு, பைக்குப் பக்கத்தில் போய் நின்றாள். எடுக்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "ஆயா, இன்னொண்ணு எடுத்துக்கட்டா?" என்று என்னைக் கேட்டாள். நான் வாயைத் திறக்கும் முன் மகள் சொன்னாள்:

"எடுத்துக்கடி. யாரையும் கேக்காத."

குழந்தை எடுத்துக்கொண்டது. நான் ஐந்து மணி பஸ்சுக்குக் கிளம்பினேன்.