மதுமதியின் தோள் அளவு

வேலம்பாளையத்துப் பனியன் கம்பெனி ஒன்றில் கம்ப்யூட்டரில் பேட்டர்ன், அதாவது துணி வெட்டுவதற்கான அளவுப் படம், போடுகிறவர் இசக்கிமுத்து. கண்ணாடிக் கதவு போட்ட ஏசி அறை, ஒற்றை நாற்காலி. வெளியே நூறு பேர் சளசளவென்று பேசிக்கொண்டே தைப்பார்கள். இவருக்குப் பேச்சுத்துணை மவுஸ்தான்.

வேலை லேசுப்பட்டதல்ல. தைத்த பின் சாயத்தில் முக்குகிற சட்டை சுருங்கும். அதனால் சட்டையின் கைப்பகுதி ஒன்றுக்கே மூன்று உருவம்: உடுத்தும் அளவு, தையலுக்கு விட்டது, சுருக்கத்துக்கும் சேர்த்து விட்டது. முன்பு மூன்றையும் தனித்தனியே வைத்திருந்து, ஒன்றைத் திருத்தி மற்றதை மறந்து, ஒரு லாட் சட்டை முழுக்கக் கை குட்டையாகி மானம் போனது. இப்போது மூன்றையும் கோத்துவிட்டார். உடுத்தும் அளவை மாற்றினால் போதும், மற்றவை தாமாக மாறிவிடும்.

"உங்க ஃபைல் தப்பாதுங்க இசக்கி" என்று மேனேஜர் மணியனே சொல்லிவிட்டார்.

அதே கம்ப்யூட்டரில் 'மதுமதி' என்றும் ஒரு ஃபைல். நாங்குநேரிப் பக்கம் அம்மாவோடு இருக்கும் பதின்மூன்று வயது மகள். வருடாவருடம் ஊர்த் திருவிழாவான கோயில் கொடைக்குப் போய் அவளை நிறுத்தி வைத்து அளந்து வருவார். அந்த அளவில் தீபாவளிக்கு டாப்ஸ் போகும்.

இரண்டு வருடமாகக் கொடை நேரத்தில் ஷிப்மென்ட் கழுத்தைப் பிடித்தது. போகவில்லை. சுருக்கத்துக்கு விடுகிற மாதிரியே வளர்த்திக்கும் வருடத்துக்கு இவ்வளவு என்று விட்டுத் தைத்து அனுப்பினார். கெட்டிக்காரர்தான்! பெற்ற பிள்ளையைச் சதவீதத்தில் வளர்க்கிற கெட்டிக்காரத்தனம்.

சரியாக இருக்க வேண்டுமே என்று மூன்று நாள் சோறு இறங்கவில்லை. மகளுக்கென்று அவர் கையால் செய்வது அது ஒன்றுதான்.

"சூப்பரா இருக்குப்பா, கரெக்ட் அளவு" என்று தீபாவளியன்று மதுமதி போன் செய்தாள். பின்னாலேயே போட்டோ வந்தது. சிரித்துக்கொண்டு நின்றாள். இசக்கிமுத்துவின் கண் சிரிப்பில் நிற்கவில்லை. தோள் தையல் இரண்டு விரல் உள்ளே ஏறியிருந்தது. கீழ் ஓரத்தை இடக்கையால் இழுத்துப் பிடித்திருந்தாள்.

தன் மனம் நோகக்கூடாதென்று பிள்ளை பொய் சொல்கிறாள். திரும்பக் கூப்பிட்டார்.

"தோளை மட்டும் அளந்து சொல்லும்மா. வேற தச்சு அனுப்புதேன்."

"டாப்ஸ் வேண்டாம்ப்பா. நீங்க வந்து அளங்க."

திரையில் மதுமதியின் ஃபைல் திறந்திருந்தது. மற்றதெல்லாம் தாமாக மாறிவிடும், தோள் அளவு ஒன்றைக் கொடுத்தால் போதும். அது அவரிடம் இல்லை. பழைய எண்ணை அழித்துவிட்டு, மணியனிடம் லீவு கேட்க எழுந்தார்.